புதிய மலைப்பூவின் இருப்பிடத்தை அச்சிடலாமா?

புதிய தாவர இனம் ஒன்றைக் கண்டறிந்த நிபுணர் அதனை உலகுக்கு அறிவிக்கும்பொருட்டு எழுதும் கட்டுரையை இனவிளக்கம் எனலாம். வேர், தண்டு, இலை, பூங்கொத்து, புல்லி, அல்லி, மகரந்தத் தாள், சூலகம், கனி, விதை என்று உறுப்பு உறுப்பாக அளவு கூறிச் செல்வது அக்கட்டுரையின் பெரும்பகுதியாகும். அதனை முழுவதும் ஊன்றிப் படிப்பவர் உலகிலேயே மிகச் சிலர். ஆனால் அதன் இறுதியை ஒட்டி ஒரு வரி வரும். எந்த மாவட்டம், எந்த மலை, எந்த ஓடையின் எந்தக் கரை, கடல் மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் என்பவற்றை அவ்வரி கூறும். அவ்வரியைத் தேடிப் படிப்பவர் பலர். அவர்கள் எல்லோரும் தாவரவியலார் அல்லர்.

இருப்பிடத்தை எவ்வளவு நுட்பமாக அச்சிடுவது என்னும் வினா சில ஆண்டுகளாக ஆராய்ச்சியாளரிடையே வலுப்பெற்று வருகிறது. விஞ்ஞானம் பொதுவுடைமை, பிறர் சென்று சரிபார்க்க இயலாத செய்தி விஞ்ஞானமே ஆகாது என்பர் ஒரு சாரார். அரிய செடியின் முகவரியை அச்சிடுவது கள்வனுக்கு வழி காட்டுவதே என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் எல்லாச் செடிகளுக்கும் பொதுவாக ஒரே விதி வகுக்க முற்படுவது இரு சாராரும் செய்யும் தவறு எனத் தோன்றுகிறது. ஒரு செடியைத் தேடி யார் வருவார், எதற்காக வருவார் என்று முதலிற் கேட்டு, அவ்விடையைக் கொண்டே இருப்பிட வரியின் நுட்பத்தை முடிவு செய்தல் வேண்டும். அவ்விடையை நன்கு அறிந்தவர் தலைநகரத்து ஆராய்ச்சிச் சாலையில் இருப்பதில்லை; மலையடிவாரத்தில் பணியாற்றும் வனக் காவலரும், கிராம அலுவலரும், பள்ளி ஆசிரியருமே அதனை அறிவர். ஆதலின் இவ்வினா அவர்களுக்கும் உரியது.

இதனை ஓரிடத்தில் வைத்துக் காண்பது தெளிவு தரும். கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலிருந்து கிழக்கு மலைகளை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது ஒற்றசேகரமங்கலம். மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் இது. ஊரைச் சுற்றி ரப்பரும் மரவள்ளியும் தென்னையும். இடையிடையே பாறைக் குன்றுகள். அப்பால் அம்பூரி, அதற்கும் அப்பால் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம், அதன் பின்னே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடம். நெய்யாறு பிறப்பது அம்மலைத் தொகுதியில்தான். 1958-இல் நெய்யாறு சரணாலயம் அமைந்தது. 1983-இல் அதனையடுத்துப் பேப்பாறைச் சரணாலயமும், மலையின் கிழக்குப்புறத்தில் 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் அமைந்தன. 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இவ்வளவு பாதுகாப்பு இருக்க, ஒரு வரி அச்சு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அம்மலையிலேயே நிகழ்ந்த ஒன்று அதற்கு விடை கூறும்.

திருவிதாங்கூரில் பணிபுரிந்த கர்னல் ஹீபர் ட்ரூரி என்பவர் 1865-இல் அகத்தியமலைப் பகுதியில் தரையில் வளரும் ஆர்க்கிட் செடி ஒன்றைக் கண்டார். பூவின் கீழிதழ் செருப்பின் முனைபோற் குழிந்து மஞ்சள் நிறமாயிருக்கும். மேலிதழின் நடுவே அடர்ந்த பழுப்புக் கோடு ஒன்று ஓடும். சென்னை மாகாண வன இலாகாவின் தலைவராக விளங்கிய பெட்டோம் 1874-இல் இதனை விவரித்துப் படத்துடன் வெளியிட்டார். கண்டவர் பெயரையே இனப் பெயராக வைத்தார். இன்று இதன் பெயர் பாபியோபெடிலம் ட்ரூரியை. இப்பேரினத்துச் செடிகள் இந்தியாவில் பெரும்பாலும் வடகிழக்கு மலைகளுக்கு உரியவை. தென்னிந்தியாவில் உள்ளது இது ஒன்றே. அதுவும் இந்த ஒரு மலைத் தொகுதியில் மட்டுமே. நிழலை நாடாமல், புல் மண்டிய திறந்த சரிவிலும் பாறை இடுக்கிலும் வெயிலேற்று வளரும் இயல்பும் இதன் தனிச்சிறப்பு.

பெட்டோமுக்குப் பின் நெடுங்காலம் அச்செடியைக் கண்டோர் அரிது. 1972-இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. மகிழ வேண்டிய அச்செய்தியே அதற்குக் கேடாயிற்று. மேலைநாட்டு ஆர்க்கிட் வளர்ப்போர் அதற்கு நல்ல விலை கொடுக்க முன்வந்தனர். சரிவுகளிலிருந்து செடிகள் பெருமளவில் தோண்டி எடுக்கப்பட்டன. சிறிது காலத்திலேயே, இயற்கையில் அது அற்றுப்போயிற்றோ என்று அஞ்சும் நிலை வந்தது. இன்றும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது மிகக் கடும் அழிவாபத்துள்ள இனமாகவே உள்ளது. சட்டம் பின்னால் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்யப்பட்ட திருத்தம், தனிப் பாதுகாப்புக்குரிய செடிகளாக முதன்முதலில் ஆறினைக் குறித்தது. செருப்பு ஆர்க்கிட்டுகள் அவற்றுள் ஒன்று. பாபியோபெடிலம் பேரினம் முழுவதும் பன்னாட்டு வாணிகத் தடைப் பட்டியலின் முதல் அட்டவணையில் ஏறியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். சரணாலயம் ஏற்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்தோண்டல் நிகழ்ந்தது என்பதைக் கருதுக.

இது இந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. வியட்நாமில் இதே பேரினத்தைச் சேர்ந்த மிகச் சிறிய செடி ஒன்று 2010-இல் பாபியோபெடிலம் கான்ஹியை என்று விவரிக்கப்பட்டது. அறியப்பட்ட இடங்களில் இருந்தவற்றிற் பெரும்பகுதி வணிகரால் விரைவிலேயே பறித்துச் செல்லப்பட்டது. தென் சீனத்துப் பல்லி ஒன்று 1999-இல் விவரிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், கட்டுரையிற் குறித்த அதே இடத்தில் அடியோடு இல்லாமற் போயிற்று. அதன் பேரினத்தைச் சேர்ந்த வேறு இரு இனங்களை 2015-இல் விவரித்தவர்கள் இருப்பிடத்தைக் கட்டுரையில் அச்சிடாமலே விட்டனர். அவர்கள் செய்ததைக் குறை கூற இயலாது.

இருப்பிடத்தை விட்டுவிட்டால் பெயர் செல்லாது போகுமோ என்று சிலர் ஐயுறுவர். தாவரப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகள் கோருவன வேறு. பிற இனங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்னும் குறிப்பு வேண்டும்; பெயர் எந்த உலர்மாதிரியோடு பிணைக்கப்பட்டுள்ளது என்பது கூறப்பட வேண்டும். அம்மாதிரியை வகைமாதிரி என்பர். 1958 முதல் வகைமாதிரியைச் சுட்டுவது கட்டாயம். 1990 முதல் அது எந்த உலர்தாவரக் காப்பகத்தில், அதாவது எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது என்று கூறுவதும் கட்டாயம். 1935 முதல் இலத்தீன் மொழி விளக்கமும் வேண்டும் என்றிருந்த விதி 2012-இல் தளர்த்தப்பட்டது. இப்போது இலத்தீன் அல்லது ஆங்கிலம் போதும். ஓடைக் கரையையும் ஒற்றையடிப் பாதையையும் அச்சிட வேண்டும் என்று எவ்விதியும் வற்புறுத்துவதில்லை. ஆதலின் நுட்பமான இருப்பிடத்தை அச்சிடுவது வழக்கமேயன்றி விதியன்று.

ஆயினும் வழக்கம் காரணமின்றி எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாதிரிகள் பலவற்றில் இருப்பிடம் என்று இருப்பது ஒரே சொல்தான்: குற்றாலம், பழனி, நீலகிரி, திருவிதாங்கூர். தாளில் ஒட்டிய செடி பழுதின்றி இருக்கும். அது எங்கே நின்றது என்பதற்கு ஒரு மாவட்டம் முழுவதையும் தேட வேண்டும். ராபர்ட் வைட் 1835-இல் கொல்லத்தருகே சேகரித்த இலுப்பைக் குடும்பத்து மரம் ஒன்று, 180 ஆண்டுகளுக்குப் பின்னரே அம்மாவட்டத்துக் கோயிற்காவு ஒன்றில் மீண்டும் அடையாளங் காணப்பட்டது. மரமாயிருந்ததனால் அதுவரை நின்றது. ஒரு சாண் உயரமுள்ள பூண்டு அவ்வாறு காத்திருக்காது. வைட்டின் ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த படங்களின் நுட்பத்தை இன்றும் நிபுணர் வியப்பர். கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்கே பெயரிட்டார், பின்னர் அப்பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டு அப்பெயர் வழக்கொழிந்தது என்பது வேறு கதை. அத்தகைய படங்களின் கீழும் இருப்பிடக் குறிப்பு பெரும்பாலும் சில சொற்களோடு நின்றுவிடுகிறது.

மறைப்பதனாலும் கேடு உண்டு என்பதற்கு, மலையுச்சியை விட்டு ஒற்றசேகரமங்கலத்தைச் சூழ்ந்த தாழ்ந்த குன்றுகளுக்கு இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் தென்கேரளத்துப் பாறைகளின் மீது நீர் கசியும் இடங்களிலெல்லாம் விரல் நீளமுள்ள பூண்டுகள் தோன்றுகின்றன. பூச்சியுண்ணும் ட்ரோசெரா, நீலமும் வெண்மையுமாய்ப் பூக்கும் யூட்ரிகுலேரியா, வெள்ளைக் குண்டூசித் தலைபோன்ற எரியோகாலான், பாசி படர்ந்த பாறையிற் பற்றி நிற்கும் சிறு காசித்தும்பை வகைகள் ஆகியவை அவை. வெயில் ஏறியதும் மறைந்துவிடும். இவற்றுள் புதிய இனங்கள் இன்னும் விவரிக்கப்பட்டுக்கொண்டே வருகின்றன. இவற்றைத் திருடி விற்க எவரும் வரமாட்டார். தோட்டத்தில் வளர்த்தால் இவை வளர்வதுமில்லை. இவற்றைத் தேடி வருவது வெடிமருந்தும் கல்லுடைக்கும் எந்திரமுமே. குன்று ஒன்று கற்குவாரிக்கெனக் கேட்கப்படும்போது, அங்கு என்ன வளர்கிறது என்பதற்கு அச்சிட்ட சான்று இல்லையேல், ஒன்றும் வளரவில்லை என்றே கோப்பு கூறும். வெற்றுப் பாறை என்று வருவாய்க் கணக்கில் எழுதப்படும் நிலமே இச்செடிகளுக்கு வீடு. இங்கே இருப்பிடத்தை மறைப்பவர் செடிக்கு உதவி செய்பவரல்லர்; சர்வே எண் வரை எழுதி, ஊரறிய அச்சிடுவதே உதவி.

தாழ்ந்த குன்றுகளின் நிலைப்பற்றி மிகைப்படுத்திக் கூறுவதாக எண்ண வேண்டா. 2001 நவம்பரில் அம்பூரியில் பெருமழையின்போது சரிவு பெயர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டதை அப்பகுதியினர் மறந்திரார். ஒரே இரவில் ஒரு சரிவின் உருவம் மாறக்கூடும் என்பதற்கு அவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. ஒரேயொரு பாறையில் மட்டும் வாழும் பூண்டுக்கு அவ்விரவு முடிவாகவும் அமையலாம். அதன் பெயரும் இடமும் எங்கும் எழுதப்படாதிருந்தால், இழந்தது என்ன என்பதும் தெரியாமற் போகும்.

இடம் பரவலாகத் தெரிந்ததனாலேயே காப்பாற்றப்பட்ட மலைப்பூவுக்குத் தமிழர் எளிதில் அறியும் சான்று குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி எந்த மலையில் உள்ளது என்பது எவரும் அறிந்ததே. அதனைக் காக்க வேண்டும் என்று 1989-இல் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை ஆர்வலர் நடைப்பயணம் மேற்கொண்டனர். 2006-இல் குறிஞ்சி பூத்தபோது, இடுக்கி மாவட்டத்தில் அதற்கென்றே குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் கண்ணால் கண்டு விரும்பிய பூவாதலின் அவ்வறிவிப்புக்கு ஆதரவு கிடைத்தது. 2018-இல் பூத்தபோது திரண்ட கூட்டமும் செடியைப் பிடுங்கியோரும் வேறு தொல்லை என்பது உண்மையே. ஆயினும் தேயிலையும் யூகலிப்டஸும் பறித்துக்கொண்ட புல்வெளியோடு ஒப்பிட்டால் அத்தொல்லை சிறிது.

எனவே, விலைக்குப் போகும் செடியை மறைக்க. விலையில்லாச் செடியை வெளியிடுக என்று இரு வரிகளில் முடித்துவிடலாமோ எனின், அதுவும் இயலாது. ஏனெனில் விலை மாறும். அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை இதற்கு உதாரணம். தரையோடு படிந்து, இலைக்காம்பின் அடியில் கருஞ்சிவப்பாகப் பூக்கும் இச்சிறு செடிக்கு டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்னும் பெயர் 1788-இலேயே இலங்கை மாதிரியைக் கொண்டு இடப்பட்டுவிட்டது. இருநூறு ஆண்டுகள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1987-இல் மலையேறிய ஆராய்ச்சிக் குழுவினர், தமக்கு வழிகாட்டிய காணியர் அதன் கனியை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதைக் கொண்டு ஒரு மருந்தைச் செய்து, 1995-இல் கோயமுத்தூர் ஆர்ய வைத்திய மருந்தகத்திற்குப் பத்து லட்ச ரூபாய்க்கும் இரண்டு சதவீத உரிமைத் தொகைக்கும் அளித்தது. அதிற் பாதி காணியருக்கு என்று முடிவாயிற்று. பயனைப் பங்கிடும் முறைக்கு அது உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. அதோடு இலைக்கு விலையும் வந்தது. காட்டில் பறிப்பதை வன இலாகா கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இதே மலையின் மற்றொரு செடி இன்னும் நுட்பமான எச்சரிக்கையைத் தருகிறது. கோயமுத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் தென்வட்டத்தைச் சேர்ந்த ஜோசப், சந்திரசேகரன் ஆகிய இருவரும் 1978-இல் ஜானகியா அரயால்பத்ரா என்னும் புதிய இனத்தை விவரித்தனர். அன்றைக்கு அது புதிய பேரினமும் ஆயிற்று. பிற்காலத்தில் டெக்காலெப்பிஸ் என்னும் பேரினத்தோடு சேர்க்கப்பட்டது. பேரினப் பெயர், கரும்பு ஆராய்ச்சியிலும் குரோமோசோம் ஆராய்ச்சியிலும் புகழ்பெற்று அத்துறையைச் சீரமைத்த ஈ. கே. ஜானகி அம்மாளைச் சிறப்பிக்கும் வகையில் இடப்பட்டது. இனப் பெயரிலோ அரயால், அதாவது நம் அரசமரத்தின் இலை உள்ளது. பாறைச் சரிவிற் குறுஞ்செடியாய் நிற்கும் இதன் கிழங்குபோன்ற வேர் காணியரின் மருந்து. உள்ளூரில் அமிர்தபாலா என்பர். இலை பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரைத் தோண்டினால் செடி போயிற்று. இத்தகைய செடியின் இனவிளக்கத்தில் மருத்துவப் பயனும் மலைச்சரிவின் பெயரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகுமாயின், அது விளக்கம் என்பதைவிட விளம்பரம் என்றே கூறத்தகும். பயன் அறிவு பழங்குடியினருக்கு உரியது. அவர் இசைவின்றி அதை அச்சிடுவது முறையுமன்று.

அச்சிட்டதைத் திரும்பப் பெற இயலாது. அச்சிடாததைப் பின்னர் அச்சிடலாம். இந்த எளிய வேறுபாடே நடைமுறைக்கு வழிகாட்ட வேண்டும். முழுமையான இருப்பிடக் குறிப்பு எப்போதும் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது. அது வகைமாதிரியின் சீட்டிலும், ஹெர்பேரியத்தின் பதிவேட்டிலும், அப்பகுதி வன அதிகாரியின் கோப்பிலும் இருக்கட்டும். கட்டுரையில் மலைத் தொகுதியின் பெயர், உயர எல்லை, மண், நிழல், நீர், உடன்வளரும் செடிகள் ஆகியவை இடம்பெறின் பெரும்பாலும் போதும். சரிபார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர் ஹெர்பேரியத்தைக் கேட்டுப் பெறலாம்; கேட்பவர் யார் என்பதும் அப்போது பதிவாகும். பாறைப் பூண்டு போன்ற விலையற்ற செடி, அதுவும் காப்புக் காட்டுக்கு வெளியே நிற்பதாயின், எதையும் மறைக்காமல் அச்சிடுக. வாழிடக் குறிப்பின் பயனைக் குறைவாக மதிக்கலாகாது. ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்னும் சிறு புல் 1919-இல் கெர்சொப்பா அருவியின் சாரலில் நனையும் பாறையிற் சேகரிக்கப்பட்டது. மேலே அணை கட்டப்பட்டபின் அங்கே காணாமற் போயிற்று. உலகிலேயே இல்லை என்றும் முடிவு செய்யப்பட்டது. 2002-இல் மகாராஷ்டிரத்துத் தில்லாரியில் அதே போன்ற நீர்சொட்டும் பாறைமுகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. எத்தகைய பாறை என்ற குறிப்பு, எந்த ஊர் என்ற குறிப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இதில் களப்பணியாளரின் பங்கு பெரிது. முதலாவது இடப்பெயர். 1956-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையின் ஒரு சரிவுக்குத் தமிழில் ஒரு பெயர், மலையாளத்தில் ஒரு பெயர், காணியர் வழக்கில் ஒரு பெயர், பழைய நில அளவைப் படத்தில் ஆங்கிலேயர் கேட்டு எழுதிய சிதைந்த பெயர் என நான்கு பெயர்கள் இருத்தல் கூடும். நான்கினையும் அறிந்தவர் எல்லைப்புறத்து மனிதரே. அவற்றை உரிய ஒலியோடு தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தால், பின்வருவோர் ஒரே இடத்தை நான்கு இடங்களென்று கணக்கிட்டுச் செடி பரவலாக உள்ளது என்று ஏமாறார். இரு மாநில வன இலாகாக்களும் அக்குறிப்பைப் பகிர்ந்துகொள்வது அதனினும் இன்றியமையாதது. செடிக்கு எல்லைக்கல் தெரியாது.

இரண்டாவது, உயிருள்ள பூவின் குறிப்பு. காசித்தும்பைப் பேரினமாகிய இம்பேஷியன்ஸில் இந்தியாவில் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இதன் பூ மெல்லிய நீர்ப்பசை மிக்கது. தாளில் அழுத்தி உலர்த்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவம் தெரியாமற் போகும். ஜோசப் ஹூக்கர் போன்ற பேரறிஞரே தம் முதுமையின் கடைசி ஆண்டுகளைக் கியூ பூங்காவில் உலர்ந்த காசித்தும்பைகளைப் பிரித்து அறிவதிற் கழித்தார். மலையடிவாரத்தில் உள்ளவர் நிறத்தையும், முள்போன்ற பின்னீட்சியின் வளைவையும், இதழ்களின் இணைப்பையும் அன்றே பென்சிலால் எழுதி, பூ ஒன்றைச் சாராயக் குப்பியில் இட்டுவைத்தால், அறிஞர் பலரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு மிச்சமாகும். சரணாலயத்திற்குள் அனுமதியின்றி இலையைக்கூடப் பறிக்கலாகாது என்பது நினைவிலிருக்கட்டும். அனுமதி பெற்றவரும் இருபது செடிகள் உள்ள இடத்தில் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்னும் நல்ல வழக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். இருபதுக்கும் குறைவாயின் படமும் குறிப்பும் போதும்.

படம் என்றதும் ஒரு புதிய இடர் எழுகிறது. இன்று ஆசிரியர் மாணவரோடு குன்றேறினால் கைப்பேசியின் படம் ஒவ்வொன்றிலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாமே பதிந்துவிடுகின்றன. அச்சில் மறைத்த இருப்பிடம் வகுப்புக் குழுவில் அனுப்பிய படத்தின் வழியே ஊரெங்கும் சென்றுவிடும். ஐநாச்சுரலிஸ்ட் முதலிய பொதுப் பதிவுத் தளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று மங்கச் செய்தே காட்டுகின்றன. ஆனால் இன்னும் பெயரே பெறாத செடி அவற்றின் ஆபத்துப் பட்டியலில் இராதாதலால், அந்த மங்கலும் தானே அமையாது. அடையாளம் தெரியாத ஆர்க்கிட் எதையும் பொதுவில் இடுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுமாறு மாணவர்க்குக் கற்பித்தல், இக்காலத் தாவரவியல் பாடத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

மூன்றாவது எண்ணிக்கை. புதிய இனத்தை விவரிப்பவர் ஓரிரு முறை மட்டுமே வந்து போவார். முதிர்ந்த செடிகள் ஐம்பதிற்கும் குறைவு என்று நிறுவினால் மட்டுமே, அந்த ஒரு காரணத்தால் அதனை மிகக் கடும் ஆபத்துள்ளதாக வகைப்படுத்தலாம். இல்லையேல் வாழும் பரப்பையும் அது குறைந்துவரும் வேகத்தையும் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே பாறைக்குச் சென்று எண்ணுபவர் உள்ளூரார் அல்லாமல் வேறு யார்? உயிர்ப்பன்மைச் சட்டம் 2002-இன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிர்ப்பன்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருத்தல் வேண்டும். பல இடங்களில் அப்பதிவேட்டில் மாமரமும் பலாமரமும் மூலிகைகளும் நிரம்பியிருக்க, பாறைப் பூண்டுகளுக்கு ஒரு வரியும் இருப்பதில்லை. பயன்படாதது பதிவுக்கு உரியதன்று என்னும் எண்ணமே காரணம். கற்குவாரி மனு வரும் நாளில் முதலிற் புரட்டப்பட வேண்டிய ஏடு அதுவே.

அத்தகைய பதிவுக்குக் காலமும் அறிந்திருத்தல் நலம். தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே பாறைப் பூண்டுகள் முளைத்தாலும், ஓரளவு மழை தணிந்து வெயில் இடையிட்ட ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே அவற்றின் பூக்களைக் கண்டறிய ஏற்றவை. வடகிழக்குப் பருவ மழையும் பெறும் நெய்யாற்றின்கரைப் பகுதியில் நவம்பர் வரையிலும் சில பூத்து நிற்கும். ஜனவரியிற் செல்பவர் கருகிய பாசியையும் வெறும் பாறையையுமே காண்பார். பள்ளிகள் சுற்றுலா செல்வதோ பெரும்பாலும் அம்மாதத்தில்தான்.